கோயில் ஊர் ஓய்வூதியர்களுக்கு மட்டுமா?

திருச்சி, ஸ்ரீரங்கம் போன்ற கோயில் ஊர்கள் ஓய்வு பெற்றவர்களுக்குத்தான் சரி, இளைஞர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்கிறார்கள். திருச்சி தில்லை நகரில் குடியிருப்பவன் என்ற முறையில் இதை மறுக்கிறேன்.

இப்படிப் பேசுபவர்கள் 1987இல் முடிந்த ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு ரயிலேறுகிறவர்கள். அந்தக் கோயில் மதில்களுக்குள்ளேயே ஓர் ஊர் வாழ்வதை அவர்கள் கவனிப்பதில்லை. உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் கோலம் போட்ட வாசல்கள், மளிகைக் கடைகள், சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். தேர் வரும் தெருவில்தான் பால்காரரும் வருகிறார். பெருமாளும் மனிதர்களும் இப்படி ஒரே தெருவைப் பகிர்ந்துகொள்ளும் ஊர் வேறு எத்தனை இருக்கின்றன?

காவிரி ஆற்றுக்கு இக்கரையில் மலைக்கோட்டை, தெப்பக்குளம், லூர்து அன்னை ஆலயம் எல்லாம் நடக்கிற தூரத்தில். நத்தர்வலி தர்காவும் தொலைவில்லை. ஆலயத்தை ஒட்டிய செயின்ட் ஜோசப் கல்லூரியில்தான் அப்துல் கலாம் படித்தார், ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதாவும் படித்தார். துவாக்குடியில் என்.ஐ.டி., திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை. இளைஞர்களுக்கு ஒன்றுமில்லை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

வெயில் கடுமைதான், தில்லை நகர் சாஸ்திரி சாலையில் வண்டி நிறுத்த இடமில்லை என்பதும் உண்மை. ஆனாலும் வேலை முடிந்த மாலையில் அரை மணிக்குள் அம்மா மண்டபப் படித்துறையில் உட்கார முடிகிறது. ஒருமுறை வந்து உட்கார்ந்து பாருங்கள், பிறகு பேசுவோம்.