கனவுக்கு டிக்கெட் எடுத்தவர்கள்

ஸ்பெயின் போய்வந்த நண்பன் வாட்ஸாப்பில் படங்களாகக் கொட்டியிருந்தான். ஃபிகேரஸில் டாலி அருங்காட்சியகம், அதன் மதில்மேல் வரிசையாக ராட்சச முட்டைகள். அடுத்து கடாகேஸ்: வெள்ளை வீடுகள், நீலக்கடல், படகுகள். கீழே ஒரு வரி: "மச்சி, செம சர்ரியல்டா. நம்மூர்ல இதெல்லாம் ஏது?"

குழுவில் இன்னொருவன் பொங்கிவிட்டான். "ஏன் இல்ல? திருநாவலூர்ல பொறந்த சுந்தரர் கதைய எடு. முதலை முழுங்குன பையன் உயிரோட வர்றான். ஆத்துல போட்ட பொன்ன குளத்துல எடுக்கறாரு. நாமதான் மொதல் சர்ரியலிஸ்ட்!"

எனக்கு இரண்டு பேரோடும் சண்டை. முதலாமவனுக்குத் தன் ஊர் தெரியாது. இரண்டாமவனோ தெரியாமலே பெருமைப்படுகிறான். இதுதான் கூடுதல் ஆபத்து.

திருநாவலூர்க்காரன் என்பதால் இரண்டாமவனுக்கு முதலில் பதில் சொல்கிறேன். சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையைச் சேக்கிழாரிடம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து 'நீ என் அடிமை' என்கிறார். மாப்பிள்ளை ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். 'அது படியோலை, மூலவோலை என்னிடம் இருக்கிறது' என்கிறார் கிழவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. பாட்டனார் கையெழுத்தை வேறொரு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தீர்ப்பு கிழவர் பக்கம். இதில் கனவு எங்கே இருக்கிறது? இது சுத்தமான சிவில் கேஸ். தெய்வமே வந்தாலும் பத்திரம் கேட்ட ஒரு சமூகத்தின் கதை. அதற்கு 'சர்ரியல்' ஸ்டிக்கர் ஒட்டுவது சேக்கிழாருக்கும் அநியாயம், சர்ரியலிசத்துக்கும் அநியாயம்.

சர்ரியலிசம் 'விநோதமாக இருக்கிறது' என்பதற்கான பெயரடை அல்ல. 1924இல் முதல் அறிக்கையை எழுதிய ஆந்த்ரே பிரெத்தோன், முதல் உலகப்போரின்போது மனநலப் பிரிவில் வேலை பார்த்தவர். போரில் மனம் சிதைந்து வந்த சிப்பாய்களின் பேச்சைப் பக்கத்தில் இருந்து கேட்டவர். அறிவு அறிவு என்று பேசிய ஐரோப்பா லட்சக்கணக்கானவர்களைப் பதுங்குகுழிகளில் கொன்று போட்டிருந்தது. அந்த அறிவின்மேல் வந்த கோபம்தான் சர்ரியலிசம்.

இப்போது முதலாமவனுக்கு. அந்த 'அழகான கடலோர ஊர்' டாலிக்கு உல்லாசத் தலமாகக் கிடைக்கவில்லை. அப்பா வீட்டைவிட்டுத் துரத்திய பிறகு, 1930இல் கடாகேஸுக்குப் பக்கத்தில் போர்ட்லிகாட்டில் ஒரு மீனவக் குடிசையை வாங்கித்தான் ஒண்டினார். உள்நாட்டுப் போரில் நாசமான பழைய நாடக அரங்குதான் 1974இல் ஃபிகேரஸ் அருங்காட்சியகம் ஆனது. 1989இல் அவரை அதற்குள்ளேயே புதைத்தார்கள். முட்டைகளைப் படம்பிடித்த நண்பன் இதில் எதையும் எழுதவில்லை.

நம்மூரில் ஏது என்றானே, இருக்கிறது. உளுந்தூர்பேட்டை வட்டத்திலிருந்து கிளம்பி, பாண்டி போய், கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து உருவாக்கியது. பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தக் காசில் கடலோரத்தில் மணல் நிலம் வாங்கினார்கள். அங்கே அருங்காட்சியகமும் இருக்கிறது. நான் போன அன்று உள்ளே என்னோடு இருந்தவர்கள் மூன்று பேர். வெளியே சாலையில் மாமல்லபுரம் போகும் கார்கள் நிற்காமல் பறந்துகொண்டிருந்தன.

அந்தக் கிராமத்தில் வாழ்ந்தவர் கே. ராமானுஜம். பேனா மையால் நெருக்கி நெருக்கி இழுத்த கோடுகள். கோபுரமா மாளிகையா என்று தெரியாத கட்டடங்கள், பாம்புகள், பறக்கும் உருவங்கள். அந்த உலகத்துக்குள் தொப்பி போட்ட ஓர் ஆள் நடமாடுவான். அது அவரேதான். மனநோயும் தனிமையும் அவரை விடவில்லை. 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சி. மோகன் அவரை வைத்து ஒரு நாவலே எழுதியிருக்கிறார். என் நண்பர்கள் இரண்டு பேருமே அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.

'பைத்தியம் இருந்தால்தான் கலை வரும்' என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அந்த நோய் அவரைக் கொன்றது, அதில் அழகு ஒன்றுமில்லை. அவர் வரைந்ததெல்லாம் அந்த நோயை மீறித்தான். அவருக்கு இடம் கொடுக்க ஓவியர்களின் ஒரு கிராமமாவது இருந்தது. மற்றவர்களுக்கு?

இதை எழுதும் யோக்கியதை எனக்கும் குறைவுதான். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் பக்கத்துப் பயணியர் நிழற்குடைச் சுவரில் ஒருவர் கரித்துண்டால் வரைவார். ஆட்டுத்தலை வைத்த பஸ், வயிற்றுக்குள் வீடு வைத்த பெண். நாங்கள் 'கிறுக்கன்' என்று கத்திவிட்டு ஓடுவோம், சில நாள் கல்லும் எறிந்திருக்கிறோம். தேர்தல் வந்தால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துச் சின்னம் வரைவார்கள். மறுபடி அவர் வரைவார். பிறகு ஒருநாள் அவர் வரவில்லை. ஏன் என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை. ஒரு படம்கூட மிச்சமில்லை.

டாலியைப் பார்க்கப் போகாதே என்று நான் சொல்லவில்லை. காசு இருந்தால் நானும் போவேன். ஆனால் டிக்கெட் எடுத்து கியூவில் நின்று ஒருவனுடைய கனவைக் கும்பிடுகிறவர்கள், பஸ் ஸ்டாப்பில் கனவு காண்கிறவன்மேல் கல்லெறியாமலாவது இருக்க வேண்டும். அந்தச் சுவர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. போன வாரம் பார்த்தேன். ஒரு செல்போன் கம்பெனி விளம்பரம் அடித்திருக்கிறார்கள்.