கடைக்காரர் பையிலா, வாடிக்கையாளர் பையிலா?



உங்கள் தெருவில் ஒரு மளிகைக்கடை. வியாபாரம் மந்தம். கடையை எப்படித் தூக்கி நிறுத்துவது?

"கடைக்காரரின் வரியைக் குறையுங்கள். மிச்சமாகும் பணத்தில் இன்னும் இரண்டு பேருக்கு வேலை கொடுப்பார்" என்கிறார் ஒருவர். "தெருவில் உள்ள சாதாரணக் குடும்பங்களின் வரியைக் குறையுங்கள். கையில் காசு இருந்தால்தானே கடைக்கு வருவார்கள்?" என்கிறார் இன்னொருவர்.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது அல்லவா? 2008-ம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் நடந்ததும் இதே வாதம்தான்.

குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெயினுக்கு அப்போது 72 வயது. கடற்படை விமானியாக இருந்து, வியட்நாமில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் போர்க் கைதியாக அடைபட்டிருந்தவர். நிறுவனங்கள் கட்டும் வரியை 35 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாகக் குறைப்பேன் என்றார்.

ஜனநாயகக் கட்சியின் பராக் ஒபாமாவுக்கு 47 வயது. ஆண்டுக்கு 2,50,000 டாலருக்கு மேல் சம்பாதிக்கும் குடும்பங்கள் கூடுதல் வரி கட்டட்டும்; உழைக்கும் குடும்பங்களில் நூற்றுக்கு 95-க்கு வரி குறையும் என்றார்.

பேசும் விதத்திலும் இருவருக்கும் வித்தியாசம் உண்டு. சிறு கூட்டத்தின் நடுவே நின்று, கேள்விக்குப் பதில் சொல்வது மெக்கெயினுக்குப் பிடிக்கும். ஒபாமா பெரிய மைதானங்களில், ஏற்ற இறக்கத்தோடு பேசுவார்.

செப்டம்பர் 15 அன்று இடி விழுந்தது. 1850-ல் தொடங்கிய 'லேமன் பிரதர்ஸ்' என்ற முதலீட்டு வங்கி திவாலானது. திருப்பிக் கட்ட முடியாதவர்களுக்கெல்லாம் வீட்டுக் கடன் கொடுத்திருந்தார்கள். வீட்டு விலை சரிந்ததும் அந்தக் கடன்களை நம்பியிருந்த நிறுவனங்கள் ஆட்டம் கண்டன.

அன்றைக்கே மெக்கெயின், "நம் பொருளாதாரத்தின் அடித்தளம் வலுவாக இருக்கிறது" என்று பேசினார். இது மிகக் கடினமான காலம் என்றும் சேர்த்தே சொன்னார். ஆனால், மக்கள் மனதில் நின்றது முதல் பாதிதான். செப்டம்பர் 24 அன்று, "பிரசாரத்தை நிறுத்துகிறேன், விவாதத்தைத் தள்ளிவைப்போம்" என்றார். "அதிபர் ஆகிறவர் ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்க்க வேண்டுமே" என்றார் ஒபாமா, பதறாமல். விவாதம் 26-ம் தேதி திட்டமிட்டபடியே நடந்தது.

நவம்பர் 4 அன்று 365-க்கு 173 என்ற வாக்காளர் குழு வாக்குகளில் ஒபாமா வென்றார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நிதானமாகச் சொல்வதால் மட்டும் ஒரு கணக்கு சரியாகிவிடாது. தடுமாறிச் சொல்வதால் தப்பாகிவிடவும் செய்யாது. 2009-ல் உழைக்கும் குடும்பங்களின் வரி குறைந்தது. ஆனால், வசதியானவர்களின் வருமான வரி விகிதம் 2013-ல்தான் உயர்ந்தது. அதுவும் தனிநபருக்கு 4,00,000 டாலருக்கு மேல்! தோற்றவரின் வாதம் என்ன ஆனது? 2017-ல், டொனால்டு டிரம்ப் காலத்தில் வந்த சட்டம், நிறுவன வரியை 21 சதவீதமாகக் குறைத்தது. மெக்கெயின் கேட்டதைவிடக் குறைவு! இதில் எது சரி என்று நிபுணர்களே இன்றும் வாதாடுகிறார்கள்.

இன்னொரு சம்பவம். 2008 அக்டோபரில் மெக்கெயின் கூட்டத்தில் ஒரு பெண்மணி, ஒபாமாவைப் பற்றித் தவறான தகவலைச் சொல்லி, அவரை நம்ப முடியாது என்றார். மெக்கெயின் உடனே ஒலிபெருக்கியை வாங்கி, "இல்லை அம்மா, அவர் நல்ல குடும்பஸ்தர். சில விஷயங்களில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான்" என்றார். அது அவருக்கு ஓட்டு வாங்கித் தரும் பேச்சு இல்லை. 2018-ல் மெக்கெயின் மறைந்தபோது, அவர் முன்பே கேட்டுக்கொண்டபடி, இறுதிச் சடங்கில் ஒபாமா பேசினார்.

இனி எந்தத் தேர்தல் பேச்சைக் கேட்டாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். பணம் எங்கிருந்து வரும்? யாருக்குப் போகும்? பேசியவரின் குரலை மறந்துவிட்டு, அதையே தாளில் எழுதிப் படித்தால், அப்போதும் சரி என்று படுகிறதா?

ஓட்டுப் போட உங்களுக்கு 18 வயதாக வேண்டும். கேள்வி கேட்க இந்த வயதே போதும்!