விதைக்குக் காவல் எது?

ஆண்டெல்லாம் உழைத்து ஈட்டிய பயற்றைக் களத்திலிருந்து வீடு சேர்த்த பின்னும் உழவனின் போர் ஓய்வதில்லை. பயற்றின்மேல் வண்டு முட்டையிடுகின்றது. புழு உள்ளே துளைத்துப் பருப்பைத் தின்கின்றது. வட்டத் துளையிட்டு வண்டாய் வெளிவருகின்றது. விதைக்கென வைத்தது வெறுங்கூடாகின்றது. விதை இழந்தவன் அடுத்த பருவத்திற்குக் கடையை நாடுகின்றான்.

இதற்கு மருந்தென வந்த நச்சுப்புகைகளின் நிலை என்ன? மெத்தில் புரோமைடு ஓசோன் போர்வையை அழிப்பதால், மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சில விலக்குகள் நீங்கலாக, வளர்ந்த நாடுகளுக்கு 2005-லும் வளரும் நாடுகளுக்கு 2015-லும் அதன் முடிவுநாள் குறிக்கப்பெற்றது. எஞ்சியது பாசுபீன். அலுமினியப் பாசுபைடு வில்லைகள் காற்றின் ஈரம் பட்டு வெளிவிடும் அந்நச்சுக்கு முறிமருந்து இல்லை. பூச்சிகளோ பல நாடுகளில் அதனையும் தாங்கப் பழகிவிட்டன!

தமிழ்நாட்டு உழவர் குடிகள் வேம்பு, நொச்சி இலைகளையும் வசம்புப் பொடியையும் கூலத்தோடு இட்டுவைத்தனர். மணமுள்ள செடிகளில் எளிதில் ஆவியாகும் நறுநெய் உள்ளது. அவ்வாவி மணிகளின் இடையே புகுந்து பூச்சியின் மூச்சுக்குழல்வழி உட்செல்கின்றது. கிராம்பிலும் துழாயிலும் உள்ள யூசினால், பூச்சி நரம்பில் செய்தி கடத்தும் ஆக்டோபமைனின் வேலையைக் குலைக்கின்றது. மாந்தர் உடலில் அப்பொருளுக்கு அத்துணைப் பெரும்பங்கு இல்லை.

ஆயினும், பழமை என்பதொன்றே சான்றாகாது. வசம்பிலுள்ள பீட்டா-அசரோன் எலிகளுக்குப் புற்று விளைவித்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே அது விதைக்குக் காவலாகலாம். உண்ணும் பருப்புக்கு ஆகாது. நறுநெய் விரைந்து ஆவியாவதால், மூடிய கலனில் காட்டும் ஆற்றலைத் திறந்த கிடங்கில் காட்டாது. மண்ணுக்கும் பருவத்திற்கும் ஏற்ப அதன் இயல்பும் மாறும்.

முன்னோர் முறையைப் பழங்கதை என்று தள்ளுவோரும், முன்னோர் முறை என்பதாலேயே பிழையற்றது என்போரும் ஒரே தவற்றையே செய்கின்றனர், இருசாராரும் ஆய்வதில்லை.

ஒரு படிப் பயற்றுக்கு எத்தனை துளி, எக்கலன், எத்தனை நாள், முளைப்புத்திறன் கெடுமா என்பவற்றை வேளாண் பல்கலைக்கழகங்கள் ஆய்ந்து தெளிதல் வேண்டும். கண்ட முடிவு ஆய்வேட்டோடு நில்லாமல், உழவனுக்கு விளங்கும் தமிழில் ஊர்தோறும் சென்று சேர்தல் வேண்டும். விதையைக் காக்கத் தெரிந்த குடியே விதைக்குப் பிறர் கையை எதிர்பாராத குடி!