முதலுக்கு மோசம் வராத துணிவு

வியாபாரம் என்றாலே துணிவுதான். நாளை என்ன விலை விற்கும் என்று தெரியாமல் இன்று பணம் கட்டிச் சரக்கு எடுக்கிறோம். எடுத்ததைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு, பாக்கி வந்து சேரும் என்று நம்பியிருக்கிறோம். இப்படிப்பட்ட தொழிலில் இருப்பவர்கள் ராசி பார்ப்பதில் வியப்பில்லை. ராசியான கையால் போணி செய்யச் சொல்கிறோம். கடை வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகிறோம். நல்ல நாள் பார்த்துப் புதுக்கணக்கு எழுதுகிறோம். இவற்றில் குறை காண்பது நம் நோக்கமல்ல. கடைவீதியில் ஐம்பது ஆண்டுகளைக் கழித்த நாமும் இவற்றைச் செய்து வருகிறவர்களே.

நாம் சொல்ல வருவது வேறு. லாபம் வந்தால் "நம் சாமர்த்தியம்" என்கிறோம். நஷ்டம் வந்தால் "நேரம் சரியில்லை" என்கிறோம். இது கணக்குப் பிழை. சாமர்த்தியத்தின் பங்கையும் அதிர்ஷ்டத்தின் பங்கையும் லாப காலத்திலேயே பிரித்துப் பார்க்க வேண்டும். நஷ்டம் வந்த பிறகு பிரித்துப் பயனில்லை.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். 2010-ம் ஆண்டு ஈரோட்டில் குவிண்டால் 15 ஆயிரம் ரூபாயைத் தாண்டி விற்றது. கிட்டங்கியில் சரக்கு வைத்திருந்த அனைவருக்கும் லாபம். விலையைப் பார்த்து விவசாயிகள் கூடுதலாகப் பயிரிட்டார்கள், வரத்துப் பெருகியது. 2012 தொடக்கத்தில் விலை அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

இப்படி ஒரு சந்தையில் இரண்டு வியாபாரிகளை நினைத்துப் பாருங்கள். இருவரும் 15 ஆயிரம் விலையில் 100 குவிண்டால் வாங்குகிறார்கள். ஆளுக்கு 15 லட்சம் முதலீடு. முதலாமவர் தம் சொந்தப் பணம் 40 லட்சத்தில் இருந்து அதைப் போடுகிறார். இரண்டாமவரிடம் இருப்பது 5 லட்சம்தான். மீதி 10 லட்சம் வட்டிக்கு வாங்கியது. விலை 20 ஆயிரமானால் இருவருக்கும் 5 லட்சம் லாபம். வட்டி போனாலும் இரண்டாமவருக்கு முதல் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். "அவர்தான் கெட்டிக்காரர்" என்று கடைவீதியே பேசும். விலை 5 ஆயிரத்துக்கு இறங்கினால் இருவருக்கும் 10 லட்சம் நஷ்டம். முதலாமவரிடம் 30 லட்சம் மிஞ்சும். மறுநாள் கடை திறப்பார். இரண்டாமவருக்கு முதல் முழுவதும் போய், சரக்கை விற்றுக் கட்டிய பிறகும் 5 லட்சம் கடனும் வட்டியும் நிற்கும். அவர் வீட்டுப் பெண்களின் நகைக்கும் சேர்த்தே ஆபத்து. வாங்கிய சரக்கும் ஒன்று, விலையும் ஒன்று. நல்ல ஆண்டில் இந்த வேற்றுமை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை என்பதுதான் இதில் உள்ள அபாயம்.

ஆகவே ஒரு காரியத்தில் இறங்கும்முன் "வந்தால் எவ்வளவு?" என்று கேட்பதோடு நிற்கக்கூடாது. "வராவிட்டால் நாளைக்குக் கடை திறக்க முடியுமா?" என்றும் கேட்க வேண்டும். வரப்போகும் ஆக்கத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலில் அறிவுடையவர் இறங்கமாட்டார் என்று வள்ளுவரும் சொல்லி வைத்திருக்கிறார்.

கடைக்கு வெளியே போடும் பணத்துக்கும் இதே கேள்வி பொருந்தும். 1906-ல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி விழுந்தபோது, அந்தப் பெரிய பெயரை நம்பிப் பணம் போட்டிருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் தவித்தார்கள். அந்த அதிர்ச்சியில் இருந்துதான் 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்கள் சரிந்ததையும், 1997-ல் வைப்பீட்டாளர்களுக்காகத் தமிழகத்தில் தனிச் சட்டமே வந்ததையும் நம்மில் பலர் நேரில் கண்டவர்கள். வங்கி முறிந்தால் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு என்பது 2020 முதல் நடைமுறை. நிதி நிறுவனத்தில் போட்ட பணத்துக்கு அந்தக் காப்பு இல்லை. அதிக வட்டி என்பது அதிக அபாயத்துக்குக் கொடுக்கப்படும் கூலியே தவிர, நம் ராசிக்குக் கிடைக்கும் பரிசு அல்ல.

இப்போது நம் பிள்ளைகள் கல்லாவில் உட்கார்ந்தபடியே கைபேசியில் பங்குச் சந்தையின் ஃப்யூச்சர், ஆப்ஷன் வியாபாரம் செய்கிறார்கள். அதில் இறங்கிய தனிநபர்களில் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்ததாக 'செபி' 2024-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. சரக்கு வியாபாரத்தில் இவ்வளவு பேர் தோற்பார்கள் என்றால் கடைவீதி என்று ஒன்றே இருக்காது.

துணிய வேண்டாத இடத்தில் துணிகிற நாம், செலவழிக்க வேண்டிய இடத்தில் சிக்கனம் பார்க்கிறோம். 20 லட்சம் சரக்கு இருக்கும் கடைக்கு, பிரீமியத்தை மிச்சப்படுத்த 10 லட்சத்துக்கு மட்டும் தீ இன்ஷூரன்ஸ் எடுப்பவர்கள் உண்டு. 4 லட்சம் சரக்கு எரிந்தால் 4 லட்சமும் கிடைக்கும் என்று எண்ணுகிறார்கள். பாதி மதிப்புக்கே பாலிசி இருப்பதால் நஷ்டத்திலும் பாதியைத்தான், அதாவது சுமார் 2 லட்சம்தான், கம்பெனி கொடுக்கும். சில பாலிசிகளில் சிறிய வித்தியாசத்தை விட்டுக்கொடுப்பார்கள். பாதிக்குப் பாதி என்றால் விடமாட்டார்கள். ஆண்டுக்கொரு முறையாவது சரக்கு மதிப்பையும் பாலிசியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

வணிகப் பெருமக்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த புதுக்கணக்கின்போது சென்ற ஆண்டு லாபத்தை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். வாங்கி விற்று ஈட்டியது ஒரு பக்கம்; சரக்கு இருந்த இடத்திலேயே விலை ஏறிக் கிடைத்தது மறுபக்கம். வீட்டுச் செலவையும் கடை விஸ்தரிப்பையும் முதல் பக்கத்தை வைத்துத் தீர்மானியுங்கள். இரண்டாவது பக்கத்துத் தொகையைத் தொடாமல் தனியே வையுங்கள். அதிர்ஷ்டம் கொடுத்ததை அதிர்ஷ்டம் கேட்டு வரும் நாளில், கடை முதலில் கை வைக்காமல் திருப்பிக் கொடுக்க அது உதவும்.