ட்ரை நீடிலிங் - குத்தினா மட்டும் போதுமா?

எங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்குத் தோள்பட்டை வலி, மீதிப் பேருக்குக் கழுத்து வலி. நாள் முழுக்க பொட்டி தட்டினா வேற என்ன வரும்? இப்போ புதுசா ட்ரை நீடிலிங் கிளம்பியிருக்கு. "நேத்து அஞ்சு ஊசி குத்தினாங்க மச்சி, கை அப்படியே லேசாயிடுச்சு"ன்னு டீ குடிக்கிறப்போ ஒருத்தன் சொன்னா, அடுத்த வாரமே ரெண்டு பேர் போறாங்க. நானும் மூணு தடவை குத்திக்கிட்டவன்தான். அந்த உரிமையில நாலு வார்த்தை :-)

இது மருந்து ஏத்துற ஊசி இல்லை. அக்குபங்சர்ல வர்ற அதே முடி மாதிரியான ஊசி. மருந்து கிடையாது, அதனால 'ட்ரை'. சக்தி ஓட்டம் மாதிரி சமாச்சாரங்களும் இதுல கிடையாது. தசையில முடிச்சு மாதிரி இறுகின இடத்தை விரலால தேடிப் பிடிச்சு அங்கேயே குத்துறாங்க. சரியான இடத்துல பட்டா தசை தானா ஒரு துடி துடிக்கும் பாருங்க, கையில பிடிச்ச மீன் மாதிரி. (வலிக்காதுன்னு சொல்றவங்களை நம்பாதீங்க.) இந்த முடிச்சுகள் பத்தி டேவிட் சைமன்ஸோட சேர்ந்து 1983ல பெரிய புத்தகமே போட்டவங்க ஜேனட் ட்ராவெல், கென்னடிக்கு வெள்ளை மாளிகையில டாக்டரா இருந்தவங்க. அவங்க முடிச்சுல மருந்தை ஏத்தினாங்க. மருந்தே வேணாம், ஊசி குத்தினாலே வலி குறையுதுன்னு 1979ல எழுதினவர் செக் டாக்டர் காரெல் லெவிட்.

சரி, வேலை செய்யுதா? செய்யுது, கொஞ்ச நாளைக்கு. ஆய்வுகளை மொத்தமா பார்த்தா சில வாரம் வரைக்கும் வலி குறையுது. மாசக்கணக்குல பார்த்தா மத்த சிகிச்சைகளைவிடப் பெரிய வித்தியாசம் தெரியலை. பல ஆய்வுகளோட தரமும் சுமார்தான். குத்தாமலே குத்தின மாதிரி பாவ்லா காட்டி ஒப்பிடுறது அவ்வளவு சுலபமில்லையே. அந்த முடிச்சுக் கோட்பாடே சரியில்லைன்னு 2015ல க்வின்ட்னர், கோஹன் குழு எழுதின கட்டுரையும் உண்டு.

என் கட்சி இதுதான். வலி இருக்கிறப்போ தோள்பட்டைத் தசை முழு பலத்தோட வேலை செய்யாது, உடம்பே அதை அடக்கி வச்சிடும். ஊசிக்கப்புறம் கை சட்டுனு மேல போறது அந்தப் பிடி தளர்றதாலதான். அஞ்சு நிமிஷத்துல தசை வளர்ந்துடுமா என்ன? பலம் வரணும்னா வலி குறைஞ்சிருக்கிற அந்த நாலு நாள்ல ரப்பர் பேண்டை இழுக்கணும், எடை தூக்கணும், அதுவும் வாரக்கணக்கா.

என் பக்கத்து சீட்டு நண்பர் பத்து சிட்டிங் பேக்கேஜ் வாங்கியிருக்கார். ஏழு முடிஞ்சுது. போறார், படுக்கிறார், குத்துறாங்க, கிளம்புறார். இதுவரைக்கும் ஒரே ஒரு பயிற்சிகூட சொல்லித் தரலை. நாலு நாள் சுகம், அஞ்சாம் நாள் பழைய கதை. ஒன்றரை வயசுப் பொண்ணை இன்னமும் இடது கையாலதான் தூக்குறார். இந்தப் பத்து முடிஞ்சா அடுத்த பேக்கேஜ் ரெடியா இருக்காம். இதைச் சிகிச்சைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை, வியாபாரம்.

இன்னொண்ணு. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல இருக்கிற தசைக்கு அடியிலதான் நுரையீரலோட மேல் நுனி இருக்கு. ஊசி அங்க இறங்கினா காத்து கசிஞ்சு நுரையீரல் சுருங்கிடும். அரிதுதான், ஆனா நடந்திருக்கு. குத்தினப்புறம், சில மணி நேரம் கழிச்சுன்னாலும், நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தா ஊசி வலின்னு படுத்துடாம நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க முன்னாடியே சொல்லிடுங்க. யார் குத்தலாம்னு அமெரிக்காவுல கோர்ட் வரைக்கும் போயிருக்காங்க. 2014ல வாஷிங்டன் மாநிலத்துல ஒரு கோர்ட் பிசியோதெரபிஸ்ட் குத்தக்கூடாதுன்னுச்சு, 2018ல வட கரோலினா உச்ச நீதிமன்றம் குத்தலாம்னுச்சு. நம்மூர்ல குத்துறவர் எங்க படிச்சார், எத்தனை நாள் பயிற்சி எடுத்தார்னு கேட்டாலே முறைக்கிறாங்க.

நண்பருக்கு எட்டாவது சிட்டிங் வெள்ளிக்கிழமை. "படுக்கிறதுக்கு முன்னாடி, வீட்டுல நான் என்ன செய்யணும்னு கேளுங்க. பதில் வரலைன்னா மிச்சக் காசைத் திருப்பிக் கேளுங்க"ன்னு சொல்லி அனுப்பப் போறேன்.