பெயர் போடாத பெட்டி

ஒரு நாவலை யார் எழுதியது என்று பார்க்காமல் யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. அட்டையில் கதையின் பெயரைக் காட்டிலும் ஆசிரியரின் பெயர் பெரிதாக இருப்பதும் உண்டு. அதற்காக எங்களைக் கேலி செய்பவர்கள் இருக்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும். அந்தப் பெயர் வெறும் கர்வத்துக்காக அச்சடிக்கப்படுவதல்ல. கதை நன்றாயிருந்தால் புகழவும், மோசமாயிருந்தால் திட்டவும் வாசகருக்கு ஒரு முகவரி வேண்டும். அடுத்த புத்தகத்துக்குப் பதிப்பாளரிடம் நூறு ரூபாய் கூடக் கேட்பதென்றால் ஆசிரியருக்கு ஒரு பிடிமானம் வேண்டும். இரண்டுக்கும் பெயர்தான் ஆதாரம்.

கதை விற்கும் இன்னொரு வியாபாரம் இருக்கிறது. எங்கள் பதிப்பாளர்கள் கனவிலும் காணாத பணம் அதில் புரள்கிறது. வீடியோ கேம் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்லும் சமாசாரந்தான். இந்த வியாபாரம் பிறந்த நாளிலிருந்து அதன் முதலாளிகள் ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருந்து வந்திருக்கிறார்கள்: அதைச் செய்தவன் யார் என்று ஊருக்குத் தெரியக்கூடாது.

"அதுதான் பிள்ளைகளின் விளையாட்டாயிற்றே, அதற்கு எதற்கய்யா ஆசிரியர்?" என்று என் எழுத்தாள நண்பர்களே கேட்கிறார்கள். நாவலையும் பெண்களுக்குப் பொழுதுபோக்கு என்று ஒரு காலத்தில் பண்டிதர்கள் ஒதுக்கினார்கள் என்பது அவர்களுக்கு மறந்துவிட்டது. 'பிட்ஃபால்' என்று 1982-ல் ஓர் ஆட்டம் வந்தது. ஒரு மனிதன் காட்டில் ஓடுகிறான். முதலை வாய்க்கு மேலே கொடியைப் பிடித்து ஊஞ்சலாடித் தாண்டுகிறான். இருபது நிமிஷத்துக்குள் முப்பத்திரண்டு புதையல்களை எடுக்க வேண்டும். காட்டில் 255 காட்சிகள். இதைச் செய்தவர் டேவிட் கிரேன் என்ற அமெரிக்கர். வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் அதன் அமைப்பை யோசித்து முடித்துவிட்டதாகவும், அதற்குப் பிறகு ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் உழைக்க வேண்டியிருந்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். எனக்கு இது வெகு பழக்கமான கணக்கு. நாவல் எழுதுகிற எவரைக் கேட்டாலும் இதையே சொல்வார். முதலை எப்போது வாயை மூட வேண்டும், விழுந்தவனுக்கு எத்தனை தரம் உயிர் கொடுக்க வேண்டும், எங்கே ஆசை காட்டி எங்கே ஏமாற்ற வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து தீர்மானிக்கிறார். அந்தக் காரியத்துக்குக் கதை சொல்வது என்று பெயர்.

அந்தக் காலத்து அடாரி கம்பெனியின் இயந்திரத்தில் இருந்த வேலை நினைவகம் 128 பைட். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்த ஒரு வாக்கியத்தை முழுசாகச் சேமித்து வைக்கக்கூட அந்த இடம் போதாது. அந்தப் பொந்துக்குள் ஒருவரே உட்கார்ந்து ஆட்டத்தை யோசித்து, படம் வரைந்து, சத்தம் சேர்த்து, புரோகிராம் எழுதி முடிப்பார். ஓர் ஆட்டம் என்றால் ஓர் ஆசாமி. இதை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

அடாரியை 1976-ல் வார்னர் கம்பெனி வாங்கியது. ஜவுளித் தொழிலில், பர்லிங்டன் ஆலையில், வருஷக்கணக்காக இருந்த ரே கஸார் என்பவர் வந்து தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஆட்டங்களைச் செய்த நான்கு பேர் - டேவிட் கிரேன், லாரி காப்லன், ஆலன் மில்லர், பாப் வொய்ட்ஹெட் - கம்பெனியின் விற்பனைக் காகிதம் ஒன்றைப் பார்த்தார்கள். நூறு மில்லியன் டாலர் விற்பனையில் அறுபது மில்லியன் தாங்கள் நால்வர் செய்த சரக்கு என்று கணக்குப் போட்டார்கள். அவர்களுடைய சம்பளமோ ஆளுக்கு வருஷம் முப்பதாயிரம் டாலரைத் தொட்டால் அதிகம். கஸாரிடம் போனார்கள். பெட்டியில் பெயர் போடுங்கள், விற்பனையில் ஒரு சிறு பங்கு கொடுங்கள் என்று கேட்டார்கள். தொழிற்சாலையில் காட்ரிஜை மூடித் திருகுகிறவனைவிட நீங்கள் ஒன்றும் உசத்தியில்லை என்பதுபோல் அவர் பதில் சொன்னதாகக் கிரேன் பின்னாளில் சொன்னார். துண்டுக்குப் பூ வேலை போடுகிறவர்களோடு தங்களைச் சேர்த்துப் பேசினார் என்று காப்லன் நினைவுகூர்ந்தார்.

துண்டில் பூ வேலை செய்கிறவருக்கும் பெயர் உண்டு, அதுவும் ஊருக்குத் தெரியத்தான் வேண்டும் என்பது என் கட்சி. அது வேறு வழக்கு; இருக்கட்டும்.

பெயரை ஏன் மறைத்தார்கள்? பெயர் தெரிந்தால் போட்டிக் கம்பெனிக்காரன் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்ற பயந்தான். இதே பயத்தினால் ஜப்பானியக் கம்பெனிகள் பலவும் 1980-களில் ஆட்டத்தின் முடிவில் புனைபெயர்களை ஓடவிட்டன. 'மெகா மேன்' ஆட்டத்துக்குப் படம் வரைந்த கெய்ஜி இனாஃபுனே என்ற மனிதர் 'இனாஃப்கிங்' ஆனது அப்படித்தான். திருட்டுப் போகுமென்று நகையைப் பெட்டியில் பூட்டி வைக்கிறவர், கேட்டால் மட்டும் 'அது பித்தளை' என்கிறார். நாம் நம்ப வேண்டுமாம்.

அதே அடாரியில் வாரன் ராபினெட் என்று ஓர் இளைஞர் இருந்தார். 'அட்வென்சர்' என்ற ஆட்டத்தைச் செய்தவர். பெயர் போடக் கெஞ்சிக்கொண்டு நிற்காமல் அவர் வேறு ஒரு காரியம் செய்தார். கறுப்புக் கோட்டையின் சுற்றுவழிகளுக்குள், சாதாரணமாகப் போகமுடியாத ஓர் அறையில், தரையின் நிறத்திலேயே ஒரு புள்ளியை வைத்தார். அதை எடுத்துக்கொண்டு குறிப்பிட்ட ஓர் இடத்துக்குப் போனால் சுவர் வழிவிடும். உள்ளே இதை உருவாக்கியவர் வாரன் ராபினெட் என்று எழுத்துகள் மின்னும். யாரிடமும் மூச்சுவிடாமல் வேலையை விட்டும் போய்விட்டார். சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஒரு பையன் அந்த அறையைக் கண்டுபிடித்துக் கம்பெனிக்கே கடிதம் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தாம் வாங்கியது வருஷம் இருபத்திரண்டாயிரம் டாலர், ஆட்டமோ இருபத்தைந்து டாலர் விலையில் பத்து லட்சம் விற்றது என்பது ராபினெட் சொன்ன கணக்கு.

அதை அழிக்கப் புதிதாக அச்சு வார்க்க வேண்டும், அதற்குச் செலவாகும். ஆகவே கம்பெனி ஒரு தந்திரம் செய்தது. ஈஸ்டர் பண்டிகையில் பிள்ளைகள் தேடி எடுக்க முட்டையை ஒளித்து வைப்பார்களே, அந்தப் பெயரை இதற்குச் சூட்டி, இது ஒரு வேடிக்கை என்று ஊருக்குச் சொன்னது. இன்றும் எல்லா ஆட்டங்களிலும் இந்த முட்டையைத் தேடிக் குதூகலிக்கிறார்கள். எனக்கு இதில் குதூகலம் வரவில்லை. தான் பெற்ற குழந்தைக்குத் தகப்பன் பெயரைச் சுவருக்குப் பின்னால் ஒளிந்து எழுத வேண்டியிருந்ததே என்ற ஆத்திரந்தான் வருகிறது.

இன்னொருவர் கதை இதைவிடக் கசப்பு. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா 1982-ல் ஓர் ஆட்டம் செய்தார். அதற்கு 'யார்ஸ் ரிவெஞ்ச்' என்று பெயர். ரே கஸாரின் 'ரே'யைத் திருப்பிப் போட்டதுதான் 'யார்'. முதலாளியை வைத்து ஒரு குறும்பு. தமிழ் தெரிந்தவனுக்கு அதில் இன்னொரு குறும்பும் தெரியும்: செய்தவர் தம் பெயரின் முதலெழுத்துகளை ஒளித்து வைக்க வேண்டியிருந்த ஆட்டத்துக்குத் தலைப்பே 'யார்'! அதே வருஷம் 'ஈ.டி.' என்ற சினிமாவை ஆட்டமாக்கும் உரிமையைக் கம்பெனி பெரும் விலை கொடுத்து வாங்கியது. பேரம் முடிந்தது ஜூலைக் கடைசியில். கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு வரவேண்டுமென்றால் செப்டம்பர் முதல் தேதி ஆட்டம் தயாராக வேண்டும். மாதக்கணக்கில் செய்யும் வேலையை ஐந்து வாரத்தில் முடித்துத் தந்தார் வார்ஷா. ஆட்டம் படுத்துவிட்டது. விற்காத சரக்கில் ஒரு பகுதியை 1983-ல் நியூ மெக்ஸிகோ மாகாணத்து அலமகோர்டோ ஊரின் குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014-ல் காமிராக்கள் சூழத் தோண்டி எடுத்தார்கள். இத்தனை வருஷமும் உலகத்தின் மிக மோசமான ஆட்டத்தைச் செய்தவர் என்று வார்ஷாவின் பெயர் ஊரெல்லாம் அடிபட்டது. ஐந்து வாரக் கெடு வைத்தவர்களின் பெயரை யாராவது அந்தப் பட்டியலில் படித்ததுண்டா? லாபத்துக்குக் கம்பெனி பெயர், நஷ்டத்துக்கு ஆள் பெயர். இந்தச் சட்டத்தை எழுதியவர் யாரோ, அவருக்கும் பெயர் போடவில்லை.

நால்வரும் வெளியேறி 1979 அக்டோபரில் ஆக்டிவிஷன் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்களுக்குத் தலைவராக வந்த ஜிம் லெவி இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து வந்தவர். பாடியவர் பெயர் போடாமல் ஒரு தட்டும் விற்காது என்பது அவருக்குத் தெரியும். பெட்டியில் செய்தவர் பெயர் வந்தது. உள்ளேயிருந்த புத்தகத்தில் அவர் முகமும், ஆட்டத்தைப் பற்றி அவர் சொன்ன நாலு வார்த்தையும் வந்தன. அடாரி வழக்குப் போட்டது, 1982-ல் சமரசமாயிற்று. 'பிட்ஃபால்' நாற்பது லட்சத்துக்கு மேல் விற்றது. பெயர் போட்டால் வியாபாரம் கெடும் என்றவர்களுக்கு இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

"அதெல்லாம் பழங்கதை. இப்போது ஓர் ஆட்டத்தை ஆயிரம் பேர், இரண்டாயிரம் பேர் சேர்ந்து செய்கிறார்கள். யார் பெயரைப் போடுவது?" என்கிறார்கள். முன்னே நினைவில் வைக்கச் சொன்னதை இப்போது எடுங்கள். ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்தபோதும் நீங்கள் பெயர் போடவில்லையே! அன்று ஒருவர் என்பதற்காக மறைத்தீர்கள். இன்று ஆயிரம் பேர் என்பதற்காக மறைக்கிறீர்கள். எத்தனை பேர் இருந்தால் உங்களுக்குச் சௌகரியம் என்று சொல்லிவிட்டால் தேவலை. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் நானூறு ஆடற்பெண்டிரின் பெயரை வெட்டி வைத்திருக்கிறான். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பது உட்பட. உளி பிடித்துக் கருங்கல்லில் வெட்டினார்கள். திரையில் எழுத்தை ஓடவிடுவதற்கு என்ன கூலி ஆகிறது?

உண்மையில் இடம் ஒரு பிரச்னையே அல்ல. பெயரை இப்போது கயிறாக்கிவிட்டார்கள் என்பதே விஷயம். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து டீம் பாண்டி என்ற ஸ்டூடியோ 'எல்.ஏ. நுவார்' என்ற ஆட்டத்தை வருஷக்கணக்கில் செய்து 2011-ல் முடித்தது. அதில் உழைத்து இடையில் விலகிய நூற்றுக்கு மேற்பட்டவர்களின் பெயர் பட்டியலில் இல்லை என்று பழைய ஊழியர்கள் தாங்களே ஒரு பட்டியல் தயாரித்து வெளியிட்டார்கள். அந்த ஆட்டத்தை விற்ற ராக்ஸ்டார் கம்பெனி 2018-ல் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்ற தன் பிரம்மாண்டமான ஆட்டத்தை வெளியிட்டபோது, கடைசிவரை இருந்தவர்களுக்குத்தான் ஆட்டத்துக்குள் பெயர் என்பது தங்கள் நெடுநாள் கொள்கை என்று ஒப்புக்கொண்டது. எல்லோரும் எல்லைக்கோட்டைத் தொட வேண்டுமென்ற நல்லெண்ணமாம்! வெளியே சத்தம் எழுந்தபின், விலகியவர்களுக்கு இணையதளத்தில் ஒரு நன்றிப் பட்டியல் கிடைத்தது. ஸ்பெயின் நாட்டு மெர்க்குரிஸ்டீம் ஸ்டூடியோ 2021-ல் வந்த 'மெட்ராய்ட் ட்ரெட்' ஆட்டத்தில் இன்னும் துல்லியமாகத் தராசு பிடித்தது: மொத்தக் காலத்தில் கால்பங்காவது வேலை செய்திருந்தால்தான் பெயர். பழைய 'மெட்ராய்ட் பிரைம்' ஆட்டத்துக்கு மெருகேற்றி நின்டெண்டோ 2023-ல் மறுபடி விற்றபோது, முதலில் அதைச் செய்தவர்களின் பெயர்களைச் சொல்லாமல், அவர்களுடைய வேலையை அடிப்படையாகக் கொண்டது என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டது.

கையொடிய மூன்று வருஷம் ஒரு காட்டை வரைந்த பெண், பிரசவத்துக்காக நாலாவது வருஷம் விலகினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காடு ஆட்டத்தில் இருக்கிறது, அவள் இல்லை. அடுத்த ஸ்டூடியோவில் வேலை கேட்டால், "இதில் உன் பெயர் எங்கே அம்மா?" என்பார்கள். இது தெரிந்துதான் இரவு பன்னிரண்டு மணிக்கும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரே ஒருவரின் பெயரை வானளாவ எழுதுவதும் இதற்கு மருந்தாகாது. 2015-ல் கொனாமி கம்பெனி ஹிதேயோ கோஜிமாவின் பெயரை 'மெட்டல் கியர் சாலிட் 5' அட்டையிலிருந்து எடுத்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். கொதிக்க வேண்டியதுதான். ஆனால் அவரோடு உழைத்தவர்களில் இரண்டு பெயரைச் சொல்லுங்கள் என்றால் கொதித்தவர்களில் பாதிப்பேர் விழிப்பார்கள்.

முதலாளியாக மாறிய கலைஞரின் நல்ல மனசையும் நம்பிப் பிரயோஜனமில்லை. பெயருக்காகவே பிறந்த அந்த ஆக்டிவிஷன் கை மாறி, உரு மாறி, 2010-ல் 'கால் ஆஃப் டூட்டி' ஆட்டத்தை உருவாக்கிய ஸ்டூடியோவின் இரண்டு தலைவர்களையும் வெளியே அனுப்பியது. பங்குப் பணம் பற்றிய வழக்கு 2012-ல்தான் தீர்ந்தது. 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் அதைச் சுமார் 6,900 கோடி டாலருக்கு வாங்கியது. மூன்று மாதம் கழித்து, 2024 ஜனவரியில், தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது.

ஆட்டத்தில் பிழை இருக்கிறதா என்று நாளெல்லாம் ஆடிப் பார்க்கும் பரிசோதகர்கள்தான் இந்த ஸ்டூடியோக்களில் கடைசிப் படிக்கட்டு. சம்பளமும் குறைவு, பட்டியலில் விட்டுப்போவதும் அவர்களே. ஆக்டிவிஷனுக்குச் சொந்தமான ரேவன் ஸ்டூடியோவில் 2022 மே மாதம் அவர்கள் சங்கம் வைப்பதா வேண்டாமா என்று வாக்களித்தார்கள். 19 பேர் வேண்டும் என்றார்கள். 3 பேர் வேண்டாம் என்றார்கள். மைக்ரோசாஃப்டின் இன்னொரு கிளையான ஸெனிமாக்ஸில், மேரிலாந்திலும் டெக்ஸாஸிலும் உள்ள சுமார் 300 பரிசோதகர்கள் சங்கம் வைத்து வருஷக்கணக்கில் பேரம் பேசினார்கள். 2025 ஜூனில் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் அளித்தார்கள். சம்பள உயர்வு, காரணமில்லாமல் வேலைநீக்கம் செய்யக்கூடாது என்ற விதி, இவற்றோடு ஆட்டத்தில் அவர்கள் பங்கைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்ற விதியும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. கஸாரிடம் அந்த நால்வர் வாயால் கேட்டதை, நாற்பத்தைந்து வருஷத்துக்கும் மேல் கழித்து, இவர்கள் காகிதத்தில் எழுதி வாங்கியிருக்கிறார்கள்.