டியூக் மாப்பிள்ளையும் ரயில் பங்குகளும்

சனிக்கிழமை காலையில் எனக்கு வானொலி நிகழ்ச்சி இல்லை. அதனால் வெள்ளிக்கிழமை இரவு மட்டும் நானும் அம்மாவும் சேர்ந்து தொடர் பார்ப்போம். ஒரு வாரம் அம்மாவின் விருப்பம், மறுவாரம் என் விருப்பம். சில மாதங்களாக என் விருப்பம் ‘தி கில்டட் ஏஜ்’. 1880களின் நியூயார்க்கில் நடக்கும் கதை. அம்மாவுக்கு அந்த ஆங்கிலம் பாதிதான் பிடிபடும். மீதியைக் கீழே ஓடும் மலாய் எழுத்தும், அந்தக் கவுன்களும் சொல்லிவிடும்.

மூன்றாவது பருவத்தில் கதை சூடு பிடிக்கிறது. ரயில்வே கோடீஸ்வரரின் மனைவி பெர்த்தா, மகள் கிளாடிஸை இங்கிலாந்தின் ஒரு டியூக்குக்குக் கட்டிக் கொடுக்கத் துடிக்கிறாள். டியூக் என்றால் பிரபுக்களிலேயே உச்சப் பட்டம். மகளின் மனமோ வேறொருவனிடம். கல்யாண நாளில் அந்தப் பெண் அழுகிறாள்.

அம்மா சோபாவில் சாய்ந்தபடி தீர்ப்புச் சொன்னார்: “பெத்தவளுக்குத் தெரியாததா? டியூக்கு மாப்பிள்ளை சும்மா கிடைப்பானா?”

அதற்கு முதல் நாள்தான், பெரியம்மா அனுப்பிய ஒரு மாப்பிள்ளை படத்தை அம்மா எனக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டிருந்தார். நான் பதில் போடவில்லை. ஆகவே அந்தத் தீர்ப்பு கிளாடிஸுக்கு மட்டும் சொன்னது அல்ல என்று எனக்குப் புரிந்தது.

இந்த வகைத் தொடர்களுக்கு இன்று நல்ல கிராக்கி. 2010இல் தொடங்கிய ‘டவுன்டன் அபி’யில் வரும் கோரா சீமாட்டி ஓர் அமெரிக்கப் பணக்காரரின் மகள். அவளுடைய சீதனத்தால்தான் அந்த மாளிகையே தப்பிக்கிறது. 2023இல் வந்த ‘தி பக்கனீர்ஸ்’ அமெரிக்கத் தோழிகள் சிலர் லண்டனுக்குப் போய் பிரபுக்களை மணக்கும் கதை. எடித் வார்ட்டன் முடிக்காமலேயே விட்டுச் சென்ற நாவல் அதன் மூலம். அவர் 1937இல் இறந்தார், மறுவருடம் நாவல் வெளியானது.

பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஏன் இந்தப் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்டினார்கள்?

காரணம் கோதுமை. 1870களில் அமெரிக்கச் சமவெளிகளில் விளைந்த மலிவான தானியம் ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் ஏறி இங்கிலாந்துக்கு வந்து குவிந்தது. அங்கே தானிய விலை விழுந்தது. குத்தகைப் பணத்தை நம்பி வாழ்ந்த பிரபுக்களின் வருமானமும் விழுந்தது. அரண்மனைக் கூரை ஒழுகினாலும் பழுதுபார்க்கக் காசில்லை. மார்ல்பரோ டியூக் குடும்பத்தின் பிளென்ஹைம் அரண்மனையிலிருந்து 1885இல் ரஃபேல் வரைந்த ஓவியம் ஒன்று 70,000 பவுனுக்கு லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்கு விற்கப்பட்டது.

அதே ரயில்தான் அமெரிக்காவில் புதுப் பணக்காரர்களை உருவாக்கியது. ஆனால் நியூயார்க்கின் பழைய குடும்பங்கள் அவர்களை வாசலிலேயே நிறுத்தின. மகள் ஒரு சீமாட்டி ஆகிவிட்டால் எந்தக் கதவும் திறக்கும். ஒரு பக்கம் பட்டம் இருக்கிறது, பணம் இல்லை. மறுபக்கம் பணம் இருக்கிறது, பட்டம் இல்லை. பிறகென்ன, பேச்சுவார்த்தைதான். 1890இல் ‘டைட்டில்ட் அமெரிக்கன்ஸ்’ என்றொரு கையேடே வந்தது. பட்டக்காரர்களை மணந்த அமெரிக்கப் பெண்களின் பட்டியலோடு, இன்னும் மணமாகாத பிரபுக்களின் பட்டியலும் அதில் உண்டு. நம் நாளிதழின் மணமக்கள் தேவை பக்கம் நினைவுக்கு வருகிறதா?

இனி கிளாடிஸ் கதைக்கு வருவோம். தொடரின் பெர்த்தா கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் அவளுக்கு அச்சாக இருந்தவர் ஆல்வா வாண்டர்பில்ட். அவருடைய மகள் கான்சுவேலோ. 18 வயதுப் பெண் வேறொருவரை விரும்பினாள். தாய் வெளியே விடவில்லை. நீ பிடிவாதம் பிடித்தால் என் இதயம் தாங்காது என்றும் மிரட்டல் வந்தது. 1895 நவம்பர் 6ஆம் தேதி நியூயார்க்கில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை, ஓவியம் விற்ற அதே மார்ல்பரோ குடும்பத்தின் 9ஆவது டியூக். அழுது வீங்கிய முகத்தோடு மணப்பெண் தேவாலயத்துக்குத் தாமதமாகத்தான் வந்தாள்.

ஒப்பந்தத்தில் 25 லட்சம் டாலர் மதிப்புள்ள ரயில்வே பங்குகள். அவற்றின் வருமானம் யாருக்கு? டியூக்குக்கு, அவர் உயிரோடு இருக்கும்வரை. மனைவியின் சொத்து மனைவிக்கே என்று இங்கிலாந்தில் 1882லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஒப்பந்தம் எழுதும்போதே கணவன் பெயரில் எழுதிவிட்டால் சட்டம் என்ன செய்யும்?

டவுன்டன் கோராவுக்கும் இதே நிலைதான். அவள் பணம் எஸ்டேட்டோடு கரைந்துவிட்டது, பிரித்தெடுக்க வழியில்லை. ஆனால் அந்தத் தொடர் நமக்கு ஓர் இனிப்பைக் கையில் கொடுக்கிறது. பணத்துக்காகக் கட்டிய கணவன் ஒரு வருடத்தில் அவளைக் காதலிக்கத் தொடங்கிவிடுகிறான். கிளாடிஸுக்கும் போகப் போகக் கணவனோடு நெருக்கம் வருகிறது. நாமும் நிம்மதியாகப் படுக்கப் போகிறோம். கல்யாணத்துக்கு அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்பதுதான் இந்தத் தொடர்கள் விற்கும் சரக்கு. அந்தச் சரக்கு நமக்கும் புதிதல்ல.

நிஜத்தில் சரியாகவில்லை. பிளென்ஹைம் அரண்மனை பழுதுபார்க்கப்பட்டது, இரண்டு மகன்கள் பிறந்தார்கள். 1906இல் கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். 1921இல் மணமுறிவு. 1926இல் அந்தத் திருமணமே செல்லாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்ணின் சம்மதமில்லாமல் நடந்த கல்யாணம் என்பதே காரணம்.

அதற்குச் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் யார் தெரியுமா? தாய் ஆல்வாவேதான். நான்தான் கட்டாயப்படுத்தினேன் என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் அவர் வேறு ஆளாக மாறியிருந்தார். அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமைக்காகத் தன் பணத்தை இறைத்துப் போராடியவர், தேசியப் பெண்கள் கட்சியின் தலைவராகவும் இருந்தார். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் குரல் வேண்டும் என்று முழங்கியவர், முன்பு தன் வீட்டுப் பெண்ணின் குரலை அடைத்தவர். அதைத் தானே சபையில் சொல்லத் துணிந்தார் பாருங்கள், அந்த இடத்தில் அவர் மீது எனக்கு மரியாதை வருகிறது.

இதையெல்லாம் தொடரை நிறுத்திவிட்டு அம்மாவிடம் சொன்னேன். வழக்கமாக நான் கதை சொன்னால் அம்மா கைபேசியை நோண்டுவார். அன்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்புறம் அந்தப் பொண்ணு அம்மாகிட்ட பேசுனாளா?”

“பேசினாங்கம்மா. பின்னாடி ரெண்டு பேரும் ரொம்ப நெருக்கமாயிட்டாங்க.”

அம்மா கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: “உங்கப்பா நல்லவருதான். ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா என்னை யாரும் கேக்கல. தாத்தா தேதி குறிச்சிட்டு வந்து, புடவை எடுக்கப் போலாம் கிளம்புன்னாரு. நல்ல மனுசனா அமைஞ்சது என் அதிர்ஷ்டம்.”

முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். இதை அம்மா சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. நல்ல கணவர், நல்ல வாழ்க்கை, எல்லாம் சரி. கேட்டிருக்கலாமே என்ற சின்ன வருத்தம் மட்டும் இத்தனை வருடமும் அவருக்குள்ளேயே இருந்திருக்கிறது.

நம் வீடுகளில் பெற்றோர் பார்க்கும் கல்யாணம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. என் தோழிகள் பலர் அப்படித்தான் மணந்தார்கள், சந்தோஷமாக இருக்கிறார்கள். பார்ப்பது வேறு, கேட்பது வேறு. அவ்வளவுதான். “வேண்டாம்” என்று சொன்னாலும் வீட்டில் அடுத்த வேளைச் சோறு அதே முகத்தோடு பரிமாறப்படுமா? அது உறுதியாகத் தெரிந்த பெண் சொல்லும் “சரி”தான் சம்மதம். கான்சுவேலோவுக்கு மாளிகையும் மகுடமும் கிடைத்தன. அந்த ஓர் உறுதி மட்டும் கிடைக்கவில்லை.

மறுநாள் மதியம், வெங்காயம் நறுக்கிக்கொண்டே அம்மா கேட்டார்: “பெரியம்மா அனுப்புன படம் பாத்தியா? புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லு. நான் பெரியம்மாகிட்ட பேசிக்கிறேன்.”

“புடிக்கலம்மா.”

“சரி. அந்தப் புளியை எடு.”

அவ்வளவுதான் பேச்சு. மதியம் மீன் குழம்பு வழக்கம்போலவே இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவின் முறை. ஆனால் அவர் தமிழ்த் தொடர் கேட்கவில்லை. “அந்த டியூக்கு பொண்டாட்டி என்ன ஆனாள்னு பாத்துடலாம்” என்றார். நீங்களும் பாருங்கள், முடிந்தால் அம்மாவோடு உட்கார்ந்து பாருங்கள். தொடர் முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, உங்கள் கல்யாணத்தில் உங்களைக் கேட்டார்களா என்று அவரிடம் ஒருமுறை கேளுங்கள்.